வீட்டு எண் இல்லாத அரிசி

இந்த ஊரில் மலை என்றால்
ரயில் நிலையத்தின் பெயர்.
புக்கிட் பாஞ்சாங், புக்கிட் பாத்தோக், புக்கிட் கொம்பாக்.
சில குன்றுகளை வெட்டிக்
கடலில் கொட்டியாகிவிட்டது.
ஞாயிறு காலை கிழக்குக் கரையோரம்
சைக்கிள் ஓட்டும்போது
ஏதோவொரு சரிவின்மேல்
தட்டையாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆகவே படிக்கட்டு.
இருபத்தைந்து மாடி, மாடிக்குப் பதினாறு படி.
முதுகில் பத்துக் கிலோ தாய்லாந்து அரிசி,
இரண்டு புட்டித் தண்ணீர்.
மேலே போய்க் கடைசிக் கதவைத் தொட்டுவிட்டு
மின்தூக்கியில் இறங்குவேன், முழங்காலுக்காக.
மறுபடி. எட்டு முறை.

மின்தூக்கிதான் பிழைப்பும்.
ஊரார் ஏறாமல் ஏற
நாளெல்லாம் கிரீஸ் கையோடு
தண்டின் அடிக்குழியில் நிற்பவள் நான்.
மேற்பார்வையாளர் செங்குட்டுவனுக்கு
இது தெரிந்த நாளிலிருந்து
என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

இரண்டு பருவம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன்.
ஐயாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில்
காற்றை அளக்கும் கம்பத்துக்குக் காவல்.
பனியைத் தோண்டவேண்டும்.
பேட்டரிகளை இரவில் வயிற்றோடு அணைத்துத் தூங்கவேண்டும்.
எண்களைப் பென்சிலால் எழுதவேண்டும்,
பேனா உறைந்துபோகும்.
மற்றபடி வேலை என்பது மூச்சு.
நாடா முடிச்சுக்கு மூச்சு.
பல் துலக்க மூச்சு.
சண்டை போடவும் மூச்சை மிச்சம் பிடிக்கவேண்டும்,
அதனால் சண்டை குறைவு.

சிகரம் எப்படியிருந்தது என்று கேட்கிறார்கள்.
மண்ணெண்ணெய் வாசமாயிருந்தது.
நாலு மணி நேரம் கொதித்தும்
பல்லில் நறநறக்கும் பருப்பாயிருந்தது.
விரல்நுனி வெடிப்பில் உப்புப்பட்டதுபோல் இருந்தது.
புகைப்படங்களில் மட்டும் அழகு.

சுக்மான் தாமாங்கின் நெற்றிப்பட்டையில்
நாற்பத்தொரு கிலோ.
என் முதுகில் ஒன்பது, அதில் ஒன்று கேமரா.
அவன் சுமையை இறக்கமாட்டான்.
குட்டைக் கைத்தடியைக் கூடைக்கடியில் முட்டுக்கொடுத்து
நின்றபடியே இளைப்பாறுவான்.
"உங்கள் ஊரில் மலை இல்லையா?"
"இருக்கிறது. நூற்று அறுபத்து மூன்று மீட்டர்."
இருமல் வரும்வரை சிரித்தான்.
"அதை நாங்கள் கொல்லைப்புறம் என்போம்."

நேற்றிரவு ஐந்தாம் சுற்றில்
மின்தூக்கி நின்றுவிட்டது.
எங்கள் நிறுவனத்துடையது அல்ல
என்பதில் சிறு மகிழ்ச்சி.
பதினேழாம் மாடித் திருப்பத்தில்
சாமான் கொண்டுவரும் பையன்,
சட்டையில் ஹில்மி என்ற பெயர்.
இரு கைகளிலும் பைகள்,
காலருகே தண்ணீர்ப் புட்டிகளின் அட்டைப்பெட்டி.
என் முதுகைப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கு எந்த வீடு?"
"வீடு இல்லை."
"அரிசி யாருக்கு?"
"யாருக்கும் இல்லை. ஏற்றிவிட்டு இறக்கிவிடுவேன்."
சுக்மான் என் கேமராவைப் பார்த்தது
அப்படித்தான்.
கேலி இல்லை.
விலை என்ன இருக்கும் என்ற யோசனை.

பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன்.
முன்னால் பதினாலு கிலோ, பின்னால் பன்னிரண்டு.
இருபதில் நின்றோம்.
அவன் பைகளைத் தரையில் வைக்கவில்லை,
கைப்பிடிச் சுவர்மேல் சாய்த்துக்கொண்டான்.
"கீழே வைத்தால்," என்றான்,
"திரும்பத் தூக்கவேண்டுமே."
யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை.
எடைதான் சொல்லியிருக்கும்.

இருபத்திரண்டில் ஒரு கதவு திறந்தது,
ஒரு கை வந்தது, மூடியது.
சிறிது நேரத்தில் அவன் கைப்பேசி மினுங்கியது.
மூன்று நட்சத்திரம்.
தாமதமாம்.

அங்கே மேலே
கூடாரத்துக்கு வெளியே ஒன்றுக்குப் போனால்
நட்சத்திரங்கள் அண்ணாந்து பார்க்கவிடாமல் மொய்க்கும்.
ஒன்றைக்கூட யாரும்
யாருக்கும் போட்டதாகத் தெரியவில்லை.

தண்டுக்குள் கம்பி இறுகும் ஓசை கேட்டது,
எனக்கு அது தெரியும்.
விளக்கு எரிந்தது.
அவன் ஓடிப்போய்
மூடவந்த கதவைத் தோளால் மறித்து
"வாங்க, வாங்க" என்றான்.
அப்படி மறித்தால் கதவு பழுதாகும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

மூச்சு இல்லை.